கீழிருந்து வரும் ஊசி

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் வீட்டு வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே பயணிகள் யாரும் இல்லை. பின் சீட்டில் ஒரு யூரியா சாக்கு மட்டும் உடம்பு சரியில்லாத ஆள் மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தது. ஓட்டி வந்தவன் அருளப்பன். பகலில் பஸ் ஸ்டாண்டுக்கும் ஜங்ஷனுக்கும் ஆட்டோ ஓட்டுவான்; காலையிலும் சாயங்காலமும் மாதா கோயிலில் மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பூசைத் துணி பீரோவைப் பூட்டுவது எல்லாம் அவன்தான்.

"அக்கா, ஒரு ஒத்தாசை. இதுல இருக்கிற பித்தள கொக்கிய மட்டும் சேதம் இல்லாம பிரிச்சிக் குடுங்க. மிச்சத்த பெரிய சனிக்கிழமை தீயில போடணும்னு சாமியாரு சொல்லிட்டாரு."

சாக்கின் வாயை அவிழ்த்ததும் வாசனைதான் முதலில் வெளியே வந்தது. பாச்சை உருண்டை, சாம்பிராணி, எலி மூத்திரம், அதற்கெல்லாம் அடியில் மெல்லிசாகத் தேன்மெழுகு. தேன்மெழுகை என் மூக்கு முதலில் பிடித்துக்கொண்டது. துணி என்ன துணி என்று கண் பார்ப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பெரிய போர்வை. நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். திருநாள் பவனியில் சாமியாரோ ஆயரோ தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற அரைவட்டப் போர்வை. விரித்தால் ஒரு கூடத்தை அடைக்கும். சந்தன நிறப் பட்டு, அதில் தங்க ஜரிகையில் லீலிப் பூக்கள். அதில் பாதி என் கை. மீதிப் பாதி என்னோடு தைத்த பிலோமியின் கை. எந்தப் பாதி யாருடையது என்று கேட்டால் சொல்ல முடியாது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"எரிக்கத்தான் வேணுமா அருளு?" என்று கேட்டேன்.

"எலி குடும்பமே நடத்தியிருக்குது அக்கா. பெட்டிய தொறந்தா ஆஸ்பத்திரி பிரசவ வார்டு மாதிரி இருக்குது. மந்திரிச்ச துணிய குப்பையில போடக் கூடாது இல்ல?"

அதுவும் சரிதான். மந்திரித்த துணி நைந்துபோனால் விற்கக் கூடாது, கரித்துணி ஆக்கக் கூடாது. ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி கோயில் வாசலில் மூட்டுகிற தீயில் போட்டு, சாம்பலைக் கோயிலுக்குப் பின்னால் பூவரசு மரத்தடியில் புதைப்பார்கள். அந்தக் கோயிலில் அப்படித்தான் வழக்கம். "நாலு மணிக்கு ஸ்கூல் சவாரி முடிச்சிட்டு வந்து எடுத்துக்கிறன்" என்று சொல்லிவிட்டு அருளு போய்விட்டான்.

எனக்கு நாலு மணி வரைதான் நேரம். கொக்கியைப் பிரிக்கப் பத்து நிமிஷம் போதும். எனக்கு வேண்டியது கொக்கி இல்லை. அந்தப் போர்வையின் முதுகில், நடு லீலிக்கு அடியில், உள்துணிக்கும் பட்டுக்கும் இடையில் ஒன்று இருக்கிறது. இருக்கிறது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் ரெண்டே பேர். அதில் ஒருத்தி எங்கே இருக்கிறாள் என்று இன்னொருத்திக்குத் தெரியாது. தீக்குப் போவதற்கு முன்னால் அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், முடிந்தால் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊசி போன வழியே நூல் போகும் என்று சொல்வார்கள் அல்லவா? தங்க நூல் போகாது. அதற்கு அவ்வளவு கர்வம். இதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லவில்லை, முதல் நாளே ஒரு சாண் ஜரிகையைத் துணிக்குள் இழுத்துக் கெடுத்துத் தெரிந்துகொண்டேன். தங்க நூல் என்பது முழுக்கத் தங்கம் இல்லை. வெள்ளித் தகட்டுக்குத் தங்க முலாம் பூசி, அதை முடி மாதிரி சன்னமாக நறுக்கி, மஞ்சள் பட்டு நூலைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். துணிக்குள் இழுத்தால் தகடு உரிந்து, உள்ளே இருக்கிற மஞ்சள் நூல் பல் இளிக்கும். அதனால் தங்கத்தைத் துணியின் மேலே படுக்க வைத்து, சாதாரண நூலால் ஆங்காங்கே கட்டிவிட வேண்டும். ராஜாவைக் கட்டிலில் படுக்க வைத்துப் போர்வையை நாலு பக்கமும் செருகுகிற மாதிரி. மின்னுவது ராஜா. பிடித்துக்கொண்டிருப்பது நூல்.

நான் கம்மாபுரம் பக்கத்துக்காரி. எங்கள் ஊர் இருந்த இடத்தில் இப்போது ஊர் இல்லை, பள்ளம் இருக்கிறது. எங்கள் வயலுக்குக் கீழே நிலக்கரி இருந்தது. மேலே இருந்த எங்களைவிடக் கீழே இருந்ததற்கு மதிப்பு அதிகம். அப்பா அடிக்கடி சொல்லுவார்: "நம்ம கால்ல மிதிச்சிக்கிட்டு இருந்ததுதாண்டி நம்மள மிதிச்சிடிச்சி." அப்படி விருத்தாசலத்துக்கு வந்து, பீங்கான் பட்டறைகள் இருக்கிற பக்கம் ஒரு வாடகை வீட்டில் ஒண்டினோம். அங்கேதான் கோயில் வளாகத்துத் தையல் அறையில் ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டுப் போனேன். நெற்றியில் விபூதியோடு போனேன். தையல் அறையைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் விரல் நகத்தை மட்டும் பார்த்தார். நகம் சொரசொரப்பாக இருந்தால் பட்டு நூல் பிசிறிவிடும்.

பிலோமியை அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்த்தேன் என்பதுகூடத் தப்பு. முதலில் காலைத்தான் பார்த்தேன். பெரிய மரச்சட்டத்தில் துணி இழுத்துக் கட்டியிருந்தது, அதற்கடியில் பாயில் ஒருத்தி மல்லாந்து படுத்திருந்தாள். ரெண்டு பாதம் மட்டும் வெளியே தெரிந்தது, பாதம் முழுக்க வெள்ளைக் களிமண் தூசி. அவளுடைய அண்ணன் சூளையில் வேலை பார்த்தான். அவர்கள் வீட்டில் சோற்றுப் பானை முதல் பூனை வரைக்கும் வெள்ளையாகத்தான் இருக்கும். கீழே இருந்தே குரல் வந்தது.

"சிஸ்டர், வந்திருக்கிறது ஆளா, தேரா? சட்டம் ஆடுது."

நான் அப்போதே கொஞ்சம் தாராளமான உடம்பு. அதனால் நான் மேலே, அவள் கீழே என்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. "நீ கீழ வந்தின்னா சட்டம் எழுந்து நின்னுக்கும்டி" என்பாள். அவள் குச்சி. சட்டத்துக்கடியில் பல்லி மாதிரி நுழைந்து வெளியே வருவாள்.

எதற்குக் கீழே ஒருத்தி என்று கேட்பீர்கள். அதற்கு சிஸ்டரின் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அறையெல்லாம் கண்ணாடி தேடுகிற சிஸ்டர் அவர். அவரிடம் ஒரு கட்டு வண்ணப் படங்கள் இருந்தன. எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்தில் தைத்த பூசைப் போர்வைகள். அந்தக் காலத்தில் ஐரோப்பா முழுக்க அந்த ஊர் வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்களாம், காஞ்சிபுரத்துப் பட்டு என்றால் நாம் வாங்குகிற மாதிரி. போப்பாண்டவரே சொல்லியனுப்பி வாங்கியிருக்கிறார் என்று சிஸ்டர் சொல்லுவார். அந்தப் படத்தில் சம்மனசுகளுக்கு, அதுதான் இறக்கை வைத்த தேவதூதர்களுக்கு, கன்னம் தைத்திருக்கிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தையலும் முந்தின தையலின் நூலைப் பிளந்துகொண்டு வரும், அப்படியே கன்னத்தில் சுழி சுழியாகச் சுற்றி வரும். வெளிச்சம் பட்டால் கன்னம் உப்பித் தெரியும். பிலோமி அதைப் பார்த்துவிட்டு, "இதுங்க எல்லாம் வாயில அதிரசத்த வச்சிக்கிட்டு இருக்குதுங்க" என்றாள். அன்றிலிருந்து அந்தச் சம்மனசுகளுக்கு எங்களிடம் அதிரசக்காரர்கள் என்றே பெயர்.

சிஸ்டரை மயக்கியது கன்னம் இல்லை, தங்கம். படத்தில் தங்க நூலை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்றே தெரியாது. மேலே கட்டு நூல் கிடையாது. தங்கம் தானாகவே துணியில் ஒட்டிக்கொண்டு கிடக்கிற மாதிரி இருக்கும். வித்தை என்னவென்றால் கட்டு நூல் பின்பக்கத்திலேயே இருக்கும். கீழிருந்து ஊசி மேலே வரும், தங்கத்தைத் தாண்டும், வந்த ஓட்டை வழியே திரும்பக் கீழே போகும். கீழே இருந்து வெடுக்கென்று ஒரு இழுப்பு. தங்க நூல் கடுகு அளவு வளைந்து ஓட்டைக்குள் போய் மாட்டிக்கொள்ளும், அதோடு கட்டு நூலும் மறைந்துவிடும். அடுத்த கட்டு அடுத்த வரிசையில் தள்ளி வரும், செங்கல் சுவர் கட்டுகிற மாதிரி. இப்படித் தைத்தால் தங்கம் முழுக்க மூடிய துணிகூடப் பலகை மாதிரி விறைக்காது. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கீல். போட்டுக்கொண்டு நடந்தால் துணியும் கூடவே நடக்கும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அது அசைந்து வரும்போது ஆற்றில் வெயில் படுகிற மாதிரி இருந்திருக்கும். நம் மணிமுத்தாற்றைச் சொல்லவில்லை, தண்ணீர் இருக்கிற ஆற்றைச் சொல்கிறேன்.

சிஸ்டருக்கு அப்படி ஒரு போர்வை வேண்டும் என்று ஆசை. எங்கள் சட்டமோ அகலம். ஓரத்தில் தைக்கிறவரை ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்று ஒருத்தியே சமாளிக்கலாம். நடுவுக்குப் போகும்போது கீழ்க்கை எட்டாது. அந்தக் காலத்தில் அவர்கள் என்ன செய்தார்களோ தெரியாது. நாங்கள் பிலோமியைக் கீழே அனுப்பினோம். அவள் ஊசியை மேலே அனுப்புவாள். நான் தங்கத்தைத் தாண்டவிட்டு அதே ஓட்டையில் திருப்பி விடுவேன். அவள் இழுப்பாள். அந்த இழுப்பில்தான் வேலையே. அதிகமாக இழுத்தால் தங்கம் உடையும், குறைத்து இழுத்தால் மேலே கொப்புளம் நிற்கும். ஆக, மேலே உட்கார்ந்து பேர் வாங்குகிறவள் நான், பூவைப் பூவாக ஆக்குகிறவள் அவள். யார் பாதி எது என்று சொல்ல முடியாது என்றேனே, இதுதான் காரணம். ஒவ்வொரு தையலும் ரெண்டு பேர்.

தங்க நூலை வியர்த்த கையால் தொடக் கூடாது, கறுத்துவிடும். அதற்கு வெளிநாட்டில் மரத்தில் கடைந்த கட்டை வைத்திருப்பார்களாம். எங்களுக்கு ஊரே பீங்கான். பிலோமி அண்ணனிடம் சொல்லி, சூளையில் கோணிப்போய்க் கழித்துப் போட்ட மின்கம்பத்துப் பீங்கான் உருளைகளைக் கொண்டுவருவாள். அதில் ஜரிகையைச் சுற்றி, உருளையைப் பிடித்தே நகர்த்துவோம். சட்டத்தின் நாலு காலுக்கும் கீழே அதே பீங்கான்தான், கரையான் ஏறாமல் இருக்க. ஊசி குத்தி வைப்பது பிடி உடைந்த காப்பிக் கோப்பையில். அந்தக் கோப்பை விளிம்பில் ஒரு தங்கக் கோடு இருக்கும். அதைப் பூசும்போது பார்த்திருக்கிறீர்களா? பழுப்பாகச் சேற்றுத் தண்ணி மாதிரி இருக்கும், அருவருப்பாக இருக்கும். சூளைக்குள் போய் வெளியே வந்தால் தங்கம். பிலோமியின் அண்ணன் பெருமையாகச் சொல்லுவான்: "எங்க தங்கத்த நெருப்புதான் பெத்துக் குடுக்குது. உங்க தங்கத்த நெருப்புல போட்டா இன்னா ஆவும்?"

என்ன ஆகும் என்று சிஸ்டர் படத்தைக் காட்டிச் சொன்னார். அந்தப் பழைய போர்வைகள் முக்கால்வாசி இப்போது கிடையாது. பிற்காலத்தில் அவற்றை எரித்துவிட்டார்கள், உள்ளே இருக்கிற தங்கத்துக்காகவும் வெள்ளிக்காகவும். நம் தெருவிலும் வருவார்களே, "பழைய பட்டுப்புடவை, ஜரிகை வாங்குறதேய்" என்று, அதே வேலை. துணி போகும், பட்டு போகும், அதிரசக் கன்னம் போகும், அடியில் ஒரு சொட்டு உலோகம் நிற்கும். தப்பித்தவை எல்லாம் அதிர்ஷ்டத்தில் தப்பித்தவை. சிலதை வெட்டித் தலையணை உறையாகத் தைத்துக்கொண்டார்களாம். சிலது செத்துப்போன ஆயரோடு குழிக்குள் போய், மண்ணுக்குள் பத்திரமாக இருந்ததாம். தைத்தவர்களில் ஆணும் பெண்ணும் இருந்திருக்கிறார்கள். பெயர் தெரிந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். இதைக் கேட்டுவிட்டுப் பிலோமி கீழே இருந்து சொன்னாள், "மேல மின்னுறவனுக்குத்தான் பேரு. அடியில படுத்திருக்கிறவளுக்கு முதுவு வலிதான்."

துணிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாங்கள் பேசாத பேச்சு கிடையாது. முகம் தெரியாமல் பேசுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனக் கூண்டிலும் அப்படித்தானே, நடுவில் ஒரு தட்டி. "நீ கும்புடுறது மாரியாத்தா, தைக்கிறது மாதாவுக்கு. ரெண்டு பேருமே 'அவங்க பாத்துப்பாங்க'ன்னு உன்னய வுட்டுடப் போறாங்க, பாரு" என்பாள். கிட்டத்தட்ட அப்படியே ஆயிற்று. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், ஆர்டர் நிறைய இருந்தது என்பேன்.

அவள் இழுக்கிற இழுப்பிலேயே அவள் மனசு எனக்குத் தெரியும். அண்ணன் குடித்துவிட்டு வந்த மறுநாள் இழுப்பு முரட்டுத்தனமாக இருக்கும். திருநாளுக்கு முந்தின வாரம் துள்ளும். பசி வந்தால் தளரும். உடனே நான் சட்டத்தைத் தட்டி, "வெளிய வாடி, பன்னு வாங்கியாந்திருக்கன்" என்பேன்.

ஒரு நாள் அப்படித் தட்டினேன். கீழே சட்டம் குலுங்கியது, "ஆ!" என்று ஒரு சத்தம்.

"இன்னாடி?"

"எழுந்திரிக்க முடியல. எவளோ முடியப் புடிச்சி இழுக்கிறா."

குனிந்து பார்த்தேன். அன்றைக்குத் தலைக்குக் குளித்துவிட்டு முடியை உலர விட்டு வந்திருந்தாள். கட்டு நூலுக்குத் தேன்மெழுகு தடவுவோம், சிக்காமல் இருக்க. நெஞ்சின் மேல் பரவிக் கிடந்த முடியில் ஒரு கற்றை அந்த மெழுகில் ஒட்டிக்கொண்டு, நூலோடு நூலாக ஊசிக்குப் பின்னால் ஏறி இறங்கியிருக்கிறது. ரெண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டே தைத்ததில் தெரியவில்லை. நடு லீலியின் ஒரு இதழ் முழுக்கப் பிலோமியின் முடி. அவள் தலை போர்வையோடு தைக்கப்பட்டிருந்தது.

பிரிக்கலாம் என்றால் தங்க நூல் ஒருமுறை வளைந்தால் வளைந்ததுதான், நிமிர்த்தினால் தகடு வெடிக்கும். இதழே போய்விடும். சிஸ்டர் கடலூர் போயிருந்தார். பிலோமி மல்லாந்தபடியே யோசித்தாள். பிறகு, "கத்திரியக் குடு" என்றாள். தலைக்குப் பக்கத்தில் அவளே வெட்டிக்கொண்டாள். நான்கு விரல் நீளத்துக்கு ஒரு கற்றை, தங்கத்துக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு நின்றது.

எனக்குப் பயம். பூசைத் துணியில் முடி என்றால் அபசாரம் இல்லையா என்று கேட்டேன். பிலோமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வேளாங்கண்ணிக்கு மொட்ட போட்டு முடிய காணிக்கையா குடுக்கிறாங்க. நான் பஸ்ஸு சார்ஜு இல்லாம இங்கயே குடுத்துட்டன். ஆயரு வந்தா அவரு முதுவுல ஏறிக்கிட்டு நானும் ஊர்வலம் போவன், பாத்துக்கோ."

கற்றையைச் சுருட்டி, பின்பக்கம் ரெண்டு தையல் போட்டு, உள்துணியை அதன்மேல் வைத்து, லீலியைச் சுற்றி ஒரு வளையம் ஓட்டினோம். ஆயர் வந்தார். போர்வையைப் போட்டுக்கொண்டு தேருக்கு முன்னால் நடந்தார். பிலோமி கூட்டத்தில் என் பக்கத்தில் நின்று, முக்காட்டைச் சரிசெய்கிற சாக்கில் என் விலாவில் இடித்தாள். "கூசுதான்னு கேளேன் அவர." ஜெபம் சொல்கிற கூட்டத்தில் நாங்கள் ரெண்டு பேர் மட்டும் குலுங்கிக் குலுங்கி நின்றோம். பக்தியில் அழுகிறோம் என்று நினைத்து ஒரு அம்மா எனக்குக் கைக்குட்டை கொடுத்தார்.

அதற்கப்புறம் ஒரு மழைக்காலம். வேறொரு துணியில் நான் மேலே, அவள் கீழே. ஊசி வந்தது, திருப்பி விட்டேன். இழுப்பு இல்லை.

"பிலோமி?"

"மாப்பிள பாத்துட்டாங்க. வடக்க. பிலாய்ல இரும்பாலையில வேலையாம்."

மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. "அங்க இன்னா சாப்புடுவாங்க?" என்று கேட்டேன்.

"ரொட்டியாம்" என்றாள். பிறகு, "நீ மேல தனியா இன்னா பண்ணுவ?" என்றாள்.

"மேலயும் கீழயும் நானே பண்ணுவன்."

"கை எட்டாதுடி" என்றாள்.

ஊசி மேலே வர ரொம்ப நேரம் ஆயிற்று. வந்தது.

பிலாயிலிருந்து முதலில் கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது. அடுத்து ஒரு பையன் பிறந்திருக்கிறான் என்று வந்தது. அப்புறம் அவள் வீட்டுக்காரருக்கு வேறு எங்கோ மாற்றல் என்று அண்ணன் சொன்னான். அப்புறம் அண்ணனே பட்டறையை விட்டு எங்கோ போய்விட்டான். இப்போது போனில் யாரை வேண்டுமானாலும் தேடலாம் என்கிறார்கள். பிலோமினா என்று போட்டால் ஆயிரம் பிலோமினா வருகிறது. எல்லாம் முகம். எனக்குப் பாதம் காட்டினால் அடையாளம் சொல்வேன்.

தையல் அறையைப் பிறகு மூடிவிட்டார்கள். வேலை போய்விட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். விருத்தாசலத்தில் இன்றைக்குத் தெருவுக்குத் தெரு ஆரி வேலைதான். கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டில் மயிலும் யானையும் ஏறாமல் தாலி ஏறுவதில்லை. திட்டக்குடியிலிருந்தும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் என்னைத் தேடி வருகிறார்கள். கைநிறைய வேலை. ஆனால் ஜாக்கெட் சட்டம் சின்னது. கை எட்டும். கீழே யாரும் வேண்டாம்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். கொக்கியைப் பிரித்து வைத்தேன். கதவைச் சாத்தினேன். வீட்டில் நான் ஒருத்திதான், யாருக்காகச் சாத்தினேனோ. போர்வையைக் குப்புறப் போட்டு, கீழ் ஓரத்து உள்துணியைப் பிரித்து, கையை உள்ளே விட்டு நடுவுக்குப் போனேன். பட்டு விரல் பட்ட இடமெல்லாம் விபூதி மாதிரி உதிர்ந்தது. எலி எல்லா லீலியையும் ஒரு கை பார்த்திருந்தது. நடு லீலியாவது இருக்குமா? அந்த வளையத் தையலை நறுக்கி உள்துணியைத் தூக்கினேன்.

இருந்தது. எலி தொடவில்லை, மெழுகு வாசனை பிடிக்கவில்லையோ என்னவோ. வரிசை வரிசையாக, செங்கல் சுவர் மாதிரி, அவள் இழுத்த இழுப்பெல்லாம் கடுகு கடுகாக நின்றது. எந்த இடத்தில் சிரித்தாள் என்றுகூடத் தெரிந்தது, அங்கே ரெண்டு கடுகு பெரிதாக இருந்தது. அதற்கு நடுவில் அந்தக் கற்றை.

கறுப்பாக இருந்தது. அப்படியே, கருகருவென்று. எனக்கு முழுக்க நரைத்துவிட்டது. அவளுக்கும் எங்கேயோ நரைத்திருக்கும். இல்லை, எப்படியோ. இங்கே மட்டும் அவளுக்கு அன்றைக்குத்தான் தலைக்குக் குளித்த முடி.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. வாசலில் ஹாரன். அருளு அதற்குள் வந்துவிட்டான். கதவைத் திறந்தேன். உள்ளே எட்டிப் பார்த்து, விரித்துக் கிடந்ததைப் பார்த்து, என் முகத்தைப் பார்த்தான். முடி அவன் கண்ணில் படவில்லை.

"அக்கா, வேணும்னா அந்தப் பூவ மட்டும் வெட்டி எடுத்துக்குங்க. நான் பாக்கல. மெழுகுவத்தி ஏத்துறவனுக்குக் கண்ணு மங்கலுதான்."

கத்திரியைக் கையில் எடுத்தேன். உண்மையில் எடுத்தேன். கடுகு கடுகாக நறுக்கினால் முடி கழன்று வந்துவிடும். வந்தால் எதில் வைப்பது? அலமாரியில் ஒரு பீங்கான் டப்பா இருக்கிறது, அதில் வைக்கலாம். வைத்து? எனக்குப் பிறகு வீட்டுச் சொந்தக்காரர் வந்து அலமாரியை ஒழிப்பார். டப்பாவைத் திறந்து, "சீ, முடி" என்று வாசலில் உதறுவார். பீங்கான் தூசியோடு அது தெருவில் போகும். நான் இல்லாத வீட்டில் அவளுக்குச் சாட்சி சொல்ல ஆள் ஏது?

பூவரசு மரத்தடியில் அப்படி இல்லை. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில். அவள் பாதத்து வெள்ளைத் தூசி அந்த மண்ணில் எங்காவது இருக்கும். எந்த ஊரில் இருக்கிறாளோ, இருக்கிறாளோ இல்லையோ, ஒரு பிடி இங்கே சேரட்டும்.

கத்திரியை வைத்துவிட்டு ஊசியை எடுத்தேன்.

"எரிக்கப் போறதுக்கு எதுக்கு அக்கா தைக்கிறீங்க?"

"முதுவத் தொறந்து போட்டு அனுப்ப மனசு வரல. நீ போயி ஒரு டீ குடிச்சிட்டு வா."

அவன் போனான். ரெண்டு பெஞ்சைத் தள்ளித் தள்ளிப் போட்டு, போர்வையைப் பூ மேலே இருக்கும்படி அவற்றின்மேல் விரித்தேன். நூலுக்கு மெழுகு தடவினேன். முதலில் ஓரம். ஒரு கை மேலே, ஒரு கை கீழே, சுலபமாகப் போயிற்று. பிறகு லீலியைச் சுற்றி அந்த வளையம். ஊசியைத் தொட்டதும் கைக்குப் பழைய தாளம் வந்துவிட்டது, நான் எதையும் நினைக்கவில்லை. பூவின் ஓரத்தில் ஊசியைக் கீழே விட்டேன். கையை மேலேயே வைத்துக்கொண்டு, அடுத்த இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். தெருவில் ஒரு பஸ் போயிற்று. எங்கோ ஒரு பட்டறையில் சங்கு ஊதியது. இன்னும் உட்கார்ந்திருந்தேன்.

ஊசி மேலே வரும் என்று காத்திருக்கிறேன் என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

கை எட்டவில்லை. பெஞ்சுக்கு அடியில் குனிந்து, தாராளமான இந்த உடம்பை எப்படியோ நுழைத்து, நூலில் தொங்கிக்கொண்டிருந்த ஊசியை நானே எடுத்தேன்.